சோப்பு டப்பாவுக்குள் ஒரு குரல்

கண்டக்டர் தோளைக் கொடுத்துக் கதவை முட்டினாள். கதவு அசையவில்லை. தோள்தான் இடம் மாறின மாதிரி இருந்தது.

"விடு. அது இரட்டைப் பலகை, நடுவுல ரப்பர்," என்றார் லைன்மேன். தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "உள்ள இடி விழுந்தாக்கூட வெளிய கேக்காது. அதுக்குன்னே செஞ்ச கதவு."

"முட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லக் கூடாதாண்ணே?"

"நீ கேக்கலையே."

அவள் தோளைத் தேய்த்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். வேலை போன பிறகும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. அவர் இருபத்தாறு வருஷம் டெலிபோன் கம்பத்தில் ஏறி இறங்கினவர். கம்பங்களே இல்லாமல் போனதும் துப்பறிய வந்தார், அவளையும் கூடச் சேர்த்துக்கொண்டார். "ஊர் ரகசியத்தை எல்லாம் கம்பத்து மேல இருந்து ஓசியில கேட்டவர், இப்ப ஃபீஸ் வாங்கிட்டுக் கேக்கறார்" என்று கண்டக்டர் எல்லாரிடமும் அறிமுகம் செய்துவைப்பாள். அவர் மறுத்ததில்லை.

இருவரும் மாட்டிக்கொண்ட இடம் ஒரு வாத்தியக் கடையின் அடித்தளம். பாட்டுப் பதிவு செய்கிற அறை. ஜன்னல் கிடையாது. நாலு சுவரிலும் முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தது. பேசினால் வார்த்தை வாயை விட்டு இறங்கினதும் செத்துப்போனது. ஏசி நின்றிருந்தது. மூலையில் ஒரு மேஜை விசிறி மட்டும் சுற்றியது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மணி மட்டும் தெரிந்தது. நாலு பத்து.

ஐந்து மணிக்கு மேலே முதலாளியின் ஆபீஸில் ஒரு பெண் கையெழுத்துப் போட்டுவிடுவாள். போட்டால் அவளுடைய ரெண்டு வருஷ உழைப்பு அவளுடையது இல்லை என்று ஆகிவிடும்.

அவள் இந்தக் கடையின் ரிப்பேர்க்காரி. பதினோரு வருஷமாக இங்கே ஆம்ப்ளிஃபயருக்கு சால்டர் வைக்கிறாள். வீட்டுக்குப் போய்ச் சொந்தமாக ஒரு பெடல் செய்தாள். கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் வைத்துக் காலால் அமுக்குகிற டப்பா அது. அமுக்கினால் கிட்டார் தொண்டை கட்டின மாதிரி கரகரவென்று பாடும். வாசிக்கிற பிள்ளைகள் கேட்டுவிட்டு நாலு பேரிடம் சொன்னார்கள். அந்தச் செய்தி முதலாளி காதுக்குப் போனது. "அது என் சர்க்யூட். மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது. என் மேஜையில இருந்து திருடிட்டா" என்றார் அவர். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், இனி அதைத் தொடக் கூடாது, இல்லாவிட்டால் போலீஸ். இதுதான் அவர் சொன்ன கணக்கு.

அதற்குத்தான் ரெண்டு நாள் முன்பு ரிப்பேர்க்காரி இவர்களைத் தேடி வந்தாள்.

இன்றைக்கு மூணு மணிக்கு முதலாளியின் வக்கீல் அவளிடம் ஒரு பதிவைக் கொடுத்தார். மூணு வருஷத்துக்கு முன்னால் முதலாளி தன் பெடலை வைத்துப் பதிவு செய்ததாம். நல்ல ஹெட்போனில் கேட்கலாம் என்று அவள்தான் இவர்களைக் கீழே கூட்டி வந்தாள். அவளும் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். பாதியில் கண்டக்டர் சொன்னாள்: "இதை வாசிச்சவன் யாருன்னு பிடிச்சாப் போதும். அவன் வாயில இருந்தே எல்லாம் வந்துடும்."

ரிப்பேர்க்காரி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "நீளமா ஒரு ஒயர் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து மூடின மாதிரி ஒரு காற்று. பிறகு பூட்டுகிற சத்தம். அவ்வளவுதான்.

"முதலாளி நம்மளை மோப்பம் பிடிச்சிட்டான்," என்றாள் கண்டக்டர். "அவளை வழியில மடக்கி, சாவியைப் பிடுங்கி, நம்மளை ஊறுகாய் போட்டுட்டான்."

லைன்மேன் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு நாலாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று விரலைத் தூக்கினார்.

"யாரோ பேசுறாங்க."

"பசி வந்தா எனக்கும் கேக்கும்."

"வாசிக்கிறவன் மூணு இடத்துல கையை எடுக்கறான். அந்த இடைவெளியில கேளு. சத்தத்தை ஏத்தி வெச்சுக் கேளு."

கேட்டாள். இரைச்சல். இரைச்சலுக்கு அடியில், பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி, யாரோ ஒருவர் முணுமுணுத்தார். கண்டக்டர் ஹெட்போனைப் பாதி கழற்றினாள். "பேயாண்ணே?"

லைன்மேன் மேஜையைப் பார்த்தார். ரிப்பேர்க்காரி விட்டுப் போன ரெண்டு டப்பாக்கள் அங்கே இருந்தன. ஒன்று சாம்பல் பெயின்ட் அடித்த தகர டப்பா, ஆறு மாசமாக அவள் செய்கிற நல்ல பெடல். இன்னொன்று ரோஸ் நிறப் பிளாஸ்டிக் சோப்பு டப்பா. அதில் மூணு குமிழ் திருகி வைத்திருந்தது. அவளுடைய முதல் டப்பா; மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததெல்லாம் இதில்தான். வீட்டில் பரண் மேல் கிடந்ததை, சாட்சிக்கு ஆகும் என்று இன்றைக்குக் கொண்டுவந்திருந்தாள்.

மதியம் அவள் இந்த டப்பாக்களைப் பற்றிச் சொன்னது கண்டக்டருக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது.

"சத்தம் உள்ள வருது. ஒரு ஐசி அதைப் பெருசாக்குது. ரொம்பப் பெருசானா டயோடு அதோட தலையைச் சீவுது. சீவின இடம்தான் கரகரப்பு. ஒரு பக்கம் ஒரு டயோடு, மறுபக்கம் ரெண்டு. ரெண்டு பக்கமும் சமமாச் சீவினா மெஷின் மாதிரி இருக்கும். கோணலாச் சீவினா மனுசன் மாதிரி இருக்கும். கிட்டார் வாசிக்கிற என் தம்பிக்குக் கட்டைவிரல்ல பலம் ஜாஸ்தி. ஓங்கி அடிப்பான். தடிச்ச கம்பி எல்லாம் சேறாக் குழம்பும். அதனால கெப்பாசிட்டரை மாத்தி மாத்திப் போட்டேன். பதினேழு தடவை. பதினேழாவதுதான் குழம்பல. அவன் மெல்லத் தொட்டா டப்பா அடங்கணும், ஓங்கினா கத்தணும். அதுக்கு ஒரு வருஷம்."

லைன்மேன் இப்போது சோப்பு டப்பாவை எடுத்து ஆம்ப்ளிஃபயரில் மாட்டினார். பாட்டரி போட்டார். குமிழைக் கடைசி வரை திருப்பினார். உஸ்ஸென்று காற்று மாதிரி ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. சுவரில் சுருட்டித் தொங்கின நீளமான கிட்டார் ஒயரை அவிழ்த்தார். ஒரு முனையை டப்பாவில் செருகி, மறுமுனையைக் காற்றுப் போகிற குழாய்க்குள் விட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, குழாயில புகுந்து போற அளவுக்கு நம்ம உடம்பு இல்ல."

"ஒயர்தான் போகுது. நீ கேளு."

உஸ்ஸென்ற சத்தம் இருமியது. பிறகு ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள்: "...நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்சாரம் நிறுத்தப்படும்..."

கண்டக்டர் ஒரு எம்பு எம்பினாள். "டப்பாவுக்குள்ள ரேடியோவா வெச்சிருக்கா?"

"வைக்கல. அதுவா பிடிக்குது. அந்தக் காலத்துல போன் லைன்லயும் இப்படித்தான். ஒரு டாக்டர், தன் போன்ல யாரோ பாடுறாங்கன்னு மூணு மாசம் என் உயிரை வாங்கினார். எங்கயோ ஒரு மூட்டு தளர்ந்திருந்தா, நீளமான ஒயர் ஏரியல் ஆயிடும். இது பிளாஸ்டிக் டப்பா. வர்றதைத் தடுக்க ஒண்ணுமில்ல. கிசுகிசுப்பைக்கூட இது பெருசாக்கும்."

அதே ஒயரைப் பிடுங்கித் தகர டப்பாவில் மாட்டினார். அதே குமிழ், அதே அளவு. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"இதைத்தான் அவ திருத்தியிருக்கா. தகரம் குடை மாதிரி மறைக்குது. உள்ள நுழையற வாசல்லயே ஒரு குட்டிக் கெப்பாசிட்டரும் வெச்சிருப்பா, ரேடியோவைப் பிடிச்சுத் தரைக்கு அனுப்ப. அப்ப வக்கீல் குடுத்த பதிவு எந்த டப்பாவுல எடுத்தது?"

"சோப்பு டப்பா," என்றாள் கண்டக்டர் மெதுவாக. "அவ சோப்பு டப்பாவைத்தான் வாசிச்சு, தன்னோடதுன்னு குடுத்திருக்கான்."

"அவன் சொல்லுவான், நானும் மூணு வருஷம் முன்னாடி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல செஞ்சேன்னு. அதுக்கு என்ன பண்ணுவே? பதிவுல பேசறவரைக் கேளு. என்ன பேசறாருன்னு கேளு."

ஹெட்போனை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்கள். முதல் இடைவெளியில் ஒன்றும் பிடிபடவில்லை. ரெண்டாவதில் "வாகன ஓட்டிகள்" என்று ஒரு துண்டு. மூணாவது இடைவெளி நீளம். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்ட நெரிசலில், என்ஜின் சத்தத்தில், கடைசி சீட்டில் இருக்கிறவன் எந்த ஸ்டாப் கேட்கிறான் என்று பத்தொன்பது வருஷம் பிரித்தெடுத்த காது அது.

"புதுப் பாலத்தில் கடும் நெரிசல்," என்றாள். "வாகன ஓட்டிகள் பழைய ரயில்வே கேட் வழியாகச் செல்லவும்." கண்ணைத் திறந்தாள். "அண்ணே, அந்தப் பாலம் திறந்து ஆறு வாரம்கூட ஆகல."

"நிச்சயமா?"

"என் ரூட்டுண்ணே அது! மூணு வருஷம் முன்னாடி நான் அந்த வழியா டிரிப் அடிச்சப்ப அங்க நாலு தூண் மட்டும்தான் நின்னுச்சு. தூண் மேல நெரிசல்னா, காக்காயைத்தான் ரயில்வே கேட் வழியா போகச் சொல்லணும்."

லைன்மேன் சிரித்தார். வருஷத்துக்கு ரெண்டு தடவை சிரிப்பவர், அதில் ஒன்றை இங்கே செலவழித்தார்.

மணி நாலு முப்பத்தைந்து. விஷயம் கையில் இருந்தது. கையோ பூட்டின அறைக்குள் இருந்தது. கண்டக்டர் கதவை உதைத்தாள், கூப்பிட்டாள், திட்டினாள். ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. தொண்டை வறண்டது. கதவோரம் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கடகடவென்று குடித்தாள்.

"அது எங்க இருந்துச்சு?" என்றார் லைன்மேன்.

"இங்கதான். கதவுக்குப் பக்கத்துல. ரெண்டு பாட்டில், ஒரு பிஸ்கட் பாக்கெட்."

"நாம வரும்போது இருந்துச்சா?"

கண்டக்டர் பாட்டிலை வாயிலிருந்து இறக்கினாள். இல்லை. வரும்போது தடுக்கி விழுந்திருப்பாள், அந்த இடம் அப்படி. கதவு திறந்து மூடின அந்தக் காற்று ஞாபகம் வந்தது. மூலையில் சுற்றுகிற விசிறியும் இவர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது.

"பூட்டிட்டுப் போறவன் பிஸ்கட் வெச்சிட்டா போவான்?" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்தது. "அண்ணே... அவளா?"

"அவளேதான்."

"நம்மளைக் கூட்டிட்டு வந்தவளா? அவளுக்காகத்தானே நாம இங்க வேகுறோம்!"

"அவ சர்க்யூட்டைச் சட்டை தைக்கிற மாதிரி ஒரே ஒரு கைக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்கா. அந்தப் பதிவுல வாசிக்கிறவன் ஓங்கும்போது கத்துது, தொடும்போது அடங்குது. தடிச்ச கம்பி ஒரு இடத்துல குழம்பல. முதலாளி கைக்கோ, வேற எவன் கைக்கோ அந்தச் சட்டை அப்படிப் பொருந்துமா? பரண் மேல கிடந்த டப்பாவை எடுக்க வெளியாளால முடியுமா?"

"தம்பி," என்றாள் கண்டக்டர்.

"ரெண்டு வருஷம் அந்தக் கையை மட்டுமே கேட்டவ. ஹெட்போன் வெச்ச உடனே தெரிஞ்சிருக்கும். அப்ப நீ என்ன சொன்னே? வாசிச்சவனைப் பிடிச்சாப் போதும்னு சொன்னே."

கண்டக்டருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மேலே ஒருத்தி தன் தம்பியைக் காட்டிக் கொடுக்காமல் இருக்க, தான் செய்யாத திருட்டைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுக்கப் போகிறாள். அந்த முடிவுக்கு இவள் பேச்சுத்தான் தள்ளிவிட்டது. பூட்டு இந்தக் கதவில் மட்டும் இல்லை.

லைன்மேன் எழுந்து, குழாய்க்குள் விட்ட ஒயர் போகிற திசையைக் கண்ணால் பின்தொடர்ந்தார். டிரம் செட்டை மூடியிருந்த போர்வையை விலக்கினார். பின்னால் சுவரில் ஒரு தகடு, அதில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் பேனா எழுத்து. கடைசி ஓட்டையின் மேல் "ஆபீஸ்" என்று இருந்தது.

"கீழ நடக்கறதை மேல உக்காந்து கேக்கற பழக்கம் முதலாளிக்கு இருக்கு," என்றார். "மேல ஸ்பீக்கரைத் திறந்து வெச்சிருக்கானா, அமுக்கி வெச்சிருக்கானா, அது நமக்குத் தெரியாது. கேக்குதான்னும் தெரியாது."

"போன்ல பதில் வராமப் பேசித்தான் என் கல்யாணமே நடந்துச்சு. குடுங்க மைக்கை."

அவர் மூலையில் நின்ற மைக்கின் ஒயரை அந்த ஓட்டையில் செருகி, மைக்கைக் கையால் மூடினார். "என்ன சொல்லப் போறே? தம்பி பேரைச் சொன்னா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். முதலாளி முன்னாடி, வக்கீல் முன்னாடி, அக்கா முன்னாடி."

கண்டக்டர் யோசித்தாள். அவளை அறிந்தவர்கள் பார்த்திருக்க வேண்டிய காட்சி அது.

"அவதானே நம்மளை வேலைக்கு வெச்சா," என்றாள் கடைசியில். "அவ ஏறின பஸ்ஸு. அவ கேட்ட ஸ்டாப்புலதான் நிறுத்தணும்."

முதலில் மைக் முன்னால் பதிவைப் போட்டார்கள். மூணாவது இடைவெளி, சத்தத்தை முழுக்க ஏற்றி. புதுப் பாலத்தில் கடும் நெரிசல். மறுபடி. புதுப் பாலத்தில் கடும் நெரிசல். மறுபடியும். பிறகு சோப்பு டப்பாவை நேராக மாட்டினார்கள். அது இப்போது வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பேச விட்டார்கள். அப்புறம் கண்டக்டர் மைக்கைப் பிடித்தாள்.

"மேல கையெழுத்துப் போட இருக்கற பயணி கவனத்துக்கு. பேனாவைக் கீழ வைக்கவும். இப்ப நீங்க கேட்டது மூணு வருஷத்துக்கு முந்தின பதிவாம். அதுல வர்ற பாலம் திறந்து ஆறு வாரம். நம்பாதவங்க பாலத்துல போய்க் கல்வெட்டைப் படிச்சுக்கலாம். ரேடியோ கேக்கற டப்பா ரிப்பேர்க்காரம்மாவோடது, இப்ப எங்க கையில இருக்கு. வாசிச்சது யாருன்னு நாங்க கேக்கல. கேக்கவும் போறதில்ல. எப்ப வாசிச்சதுன்னு தெரிஞ்சது, அது போதும். ரைட், போலாம்."

ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி சொன்னாள். குரல் கம்மியது. நாலு ஐம்பத்தைந்து. ஐந்து. ஐந்து ஐந்து. அந்த அறையில் சொந்த மூச்சே காதுக்குள் வந்து மோதியது. மூட்டை இறக்கின ஆளைப் போல லைன்மேன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கண்டக்டர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள், சாப்பிடவில்லை, மடித்து வைத்தாள்.

"போட்டிருப்பாண்ணே," என்றாள். "போட்டு முடிச்சிருப்பா."

பூட்டு திரும்பியது.

கதவில் நின்றது ஒரு நெட்டைப் பையன். இருபத்தைந்து இருக்கும். வலது கட்டைவிரலில் காய்ப்பு. சாவி கையில் ஆடிக்கொண்டிருந்தது. யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கையெழுத்து?" என்றாள் கண்டக்டர்.

"அக்கா போடல."

"போலீஸ்?"

"முதலாளி வக்கீலைப் பாத்தார். வக்கீல் பையை மூடிட்டார். 'பாலத்தைப் பத்தி நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே'ன்னார். போயிட்டார்."

கண்டக்டர் கையைத் தட்டினாள். ஸ்பாஞ்ச் அதையும் விழுங்கியது. "அப்புறம் ஏன் எழவு வீட்டுல இருந்து வந்த மாதிரி நிக்கறே?"

"நான்தான் வாசிச்சேன்னு சொல்லிட்டேன்."

"உன்னை யாருடா சொல்லச் சொன்னது? உன்னை விட்டுட்டோம்னு மைக்குல கத்தினமே!"

"சாட்சிக் கையெழுத்துக்குக் குடும்பத்துல ஒருத்தர் வேணும்னு என்னைக் கூப்பிட்டிருந்தாங்க." அவன் தரையைப் பார்த்தான். "நான் முதல்ல போட்டுட்டேன். என் கையெழுத்துக்குக் கீழதான் அக்கா போடணும். பேனாவை அவ கையில குடுத்தேன். அப்பத்தான் சுவத்துல இருந்து பாலம் பேச ஆரம்பிச்சது."

கண்டக்டர் தட்டின கையைக் கீழே இறக்கினாள்.

"டூர் போற குழுவுல சேத்துக்கறேன்னார் முதலாளி. அந்த டப்பாவோட சத்தத்தை மட்டும் ஒரு தடவை கேக்கணும்னார். பரண்ல சும்மாதானே கிடக்குன்னு எடுத்துட்டு வந்தேன். திருப்பி வெச்சிட்டேன். இதுக்குன்னு தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?" என்றார் லைன்மேன். பையன் வந்த பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்திருந்தார்.

பையன் உள்ளே வந்தான். டிரம் ஸ்டூலில் உட்கார்ந்தான். "கதவைச் சாத்திட்டுப் போங்க," என்றான். "கொஞ்ச நேரம்."

யாரும் சாத்தவில்லை. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரிப்பேர்க்காரி இறங்கி வந்தாள். கண்டக்டரைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கக்கா, மூச்சு முட்டுச்சா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. மேஜைக்குப் போய் சோப்பு டப்பாவின் பாட்டரியைக் கழற்றினாள். குமிழ் மூன்றையும் பழைய இடத்துக்குத் திருப்பி வைத்தாள். பிறகுதான் தம்பி பக்கம் திரும்பினாள்.

"ஏன்டா," என்றாள். குரல் உயரவில்லை. "கேட்டிருந்தா நல்ல டப்பாவையே குடுத்திருப்பேனே."

நல்ல டப்பாவில் வாசித்திருந்தால் பாலம் பேசியிருக்காது. இந்நேரம் கையெழுத்துக் காய்ந்திருக்கும். கண்டக்டர் அதைச் சொல்ல வாயெடுத்தாள். லைன்மேன் அவள் முழங்கையைப் பிடித்தார்.

"நீ குடுத்துடுவேன்னு தெரியும்க்கா," என்றான் தம்பி. "அதனாலதான் கேக்கல."